நாற்பத்தேழாம் எண்ணும் ஐந்து கேள்விகளும்

தோட்டத்துச் செக்ரோல் என்பது ஒரு பெரிய தாள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஆள் எண்ணும் பெயரும் இருக்கும். தலைப்பில் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை தேதிகள். மாதம் பிறப்பதற்குள் கிராணி என்ற எழுத்தர் பெயர்களையெல்லாம் எழுதி முடித்துவிடுவார். அதன் பிறகு மாதம் முழுக்க அந்தத் தாளில் யார் பெயரையும் எழுதும் வேலை இல்லை. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டால் அன்றைய கணக்கு முடிந்தது.

சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில் என் அம்மா பால் மரம் வெட்டினார். 1980-களின் நடுப்பகுதி அது. விடிவதற்கு முன்பே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டோடு மரத்தடிக்குப் போய்விட வேண்டும். வெட்டி முடித்து, மங்குக் கிண்ணங்களில் பால் நிரம்பும்வரை காத்திருந்து, வாளிகளில் சேர்த்துத் தோளில் வைக்கும் காண்டா கம்பில் தூக்கிக்கொண்டு நிறுக்கும் கொட்டகைக்கு வரும்போது உச்சிப்பொழுது நெருங்கியிருக்கும். பள்ளி விடுமுறை நாள்களில் நானும் கூடப் போவேன், முந்திய நாள் மங்குகளில் உறைந்த கட்டிப்பாலைப் பிய்த்தெடுக்க.

கொட்டகையில் மண்டோர் என்ற மேற்பார்வையாளர் வாளியைத் தராசில் மாட்டுவார். "நாப்பத்தேழு! பதினெட்டு!" என்று சத்தம் போடுவார். நாற்பத்தேழு என் அம்மாவின் எண், பதினெட்டு கிலோ. கிராணி ஒரு கரண்டிப் பாலை எடுத்துத் தண்ணீர் கலந்து, மெட்ரோலாக் என்ற கண்ணாடி மிதவையை அதில் விட்டு, எவ்வளவு மூழ்குகிறது என்று பார்ப்பார். மரத்துப் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மற்றது பெரும்பாலும் தண்ணீர். வாளியின் எடையை வைத்துக் கூலி போட்டால் தண்ணீர் ஊற்றியவர்தான் பிழைப்பார். அதனால் எடையும் மெட்ரோலாக் காட்டும் அளவும் சேர்ந்தே தாளில் ஏறும். இது எல்லாம் முடிய அரை நிமிடம் ஆகாது. அடுத்த வாளி ஏற்கெனவே தராசுக்குப் பக்கத்தில் நிற்கும்.

அந்த அரை நிமிடத்தில் கிராணி செய்யாத ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நாற்பத்தேழு யார், எந்த லயத்து வீடு, எந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தார், புருஷன் பெயர் என்ன என்று அவர் எதையும் தேடவில்லை. ஆபீஸ் அலமாரியில் இருந்த தொழிலாளர் பதிவேட்டை எடுத்துவரச் சொல்லவில்லை. எண்ணைக் கேட்டார், அந்த வரிக்குப் போனார், எழுதினார். அவர் அசட்டையாக இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. இல்லாத எண்ணுக்குத் தாளில் வரியே கிடையாது, எழுத நினைத்தாலும் இடம் இருக்காது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு முறை எழுதவும் முடியாது, ஏனென்றால் கட்டம் ஒன்றுதான். சோதனை முழுவதையும் தாளில் கிழித்த கோடுகளே பார்த்துக்கொண்டன.

அன்றைய ரப்பர் விலையையும் அவர் கொட்டகையில் வைத்துக் கேட்கவில்லை. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் முதலாளிகளின் சங்கமான மாப்பாவும் போட்ட ஒப்பந்தப்படி, வெட்டுத் தொழிலாளியின் கூலி ரப்பர் விலையோடு கட்டப்பட்டிருந்தது. விலை ஏறினால் கூலி ஏறும், இறங்கினால் இறங்கும். ஆனால் அந்தக் கணக்கு மாதக் கடைசியில் ஆபீசில் நடக்கும். நிறுக்கும் இடத்தில் எடையும் மெட்ரோலாக் அளவும் மட்டும்தான். இபிஎஃப் சேமநிதிச் சந்தாவும் பிற பிடித்தங்களும் அந்தத் தாளிலிருந்துதான் கிளம்பின. ஒரு கட்டம் தவறினால் ஒரு குடும்பத்தின் நாள் கூலி தவறும் என்பதால், எழுதும் வேலையைச் சுருக்கமாகவும் உறுதியாகவும் வைத்திருந்தார்கள்.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் உலக ரப்பர் உற்பத்தியில் தாய்லாந்து மலேசியாவை முந்தியது. பேராக்கின் பெருந்தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறின. 1877-இல் கோலகங்சாரில் நட்ட முதல் கன்றுகளில் ஒன்று இன்னும் அங்கே மரமாக நிற்கிறது, சுற்றுப்பயணிகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாட்டின் ரப்பரில் பெரும்பகுதி இன்று சிறுதோட்டக்காரர்களின் சில ஏக்கர் நிலங்களிலிருந்து வருகிறது. அவர்கள் பாலாகக் கொண்டுவருவது குறைவு, மங்கிலேயே உறைந்த கட்டிப்பாலாக விற்பதுதான் அதிகம். விற்பவருக்கு மலேசிய ரப்பர் வாரியம் வழங்கும் அனுமதி அட்டை உண்டு. அதில் ஓர் எண் உண்டு. அந்த வகையில் செக்ரோல் எண் வேறு பெயரில் வாழ்கிறது என்று சொல்லலாம்.

நான் ஈப்போவில் மென்பொருள் எழுதுகிறேன். கட்டிப்பால் வாங்கும் நிலையங்களுக்கான ஒரு நிரல் எங்களிடம் பராமரிப்புக்கு வந்தது. நிலையத்தில் இருப்பவர் டேப்லெட்டில் எடையைப் பதிவார், இணைய வசதி இல்லாத கம்பங்களில், அதாவது சிற்றூர்களில், அது டேப்லெட்டிலேயே தங்கும், மாலையில் தொடர்பு கிடைத்ததும் அத்தனையும் ஈப்போ அலுவலகக் கணினிக்கு வந்து, அங்கிருந்து சிங்கப்பூரில் இருக்கும் தரவுத்தளத்துக்குப் போகும். மாலைப் பதிவேற்றம் தாமதமாகிறது என்பது புகார். நிரல் தரவுத்தளத்திடம் என்ன பேசுகிறது என்று காட்டும் பதிவை இயக்கிவிட்டுப் பார்த்தேன்.

ஓர் எடையை எழுதுவதற்கு முன் அந்த நிரல் ஐந்து கேள்விகள் கேட்டது. முதலில், இந்த அட்டை எண்ணுக்குரிய விற்பனையாளர் யார்? பெயர், அடையாள அட்டை எண், முகவரி, வங்கிக் கணக்கு எல்லாம் வந்தன. அடுத்து, அவருடைய நிலம் எது? பிறகு, இந்த நிலையம் எது? அந்த டேப்லெட் பிறந்ததிலிருந்து ஒரே நிலையத்தில்தான் இருக்கிறது, இருந்தும் ஒவ்வொரு எடைக்கும் கேட்டது. நான்காவது, இதே ரசீது எண் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா? கடைசியாக, இன்றைய விலை என்ன? இவ்வளவுக்கும் பிறகுதான் ஓர் இன்சர்ட், அதாவது எழுதும் கட்டளை. அடுத்த எடைக்கு மறுபடி முதலிலிருந்து.

பென்சிலும் தாளும் மட்டும் வைத்திருந்த மனிதர் ஒரு முறை எழுதிவிட்டு அடுத்த வாளியைப் பார்த்தார். ஒரு நொடியில் கோடிக் கணக்கில் கூட்டிப் பெருக்கக்கூடிய இயந்திரம், ஓர் எண்ணை எழுத ஐந்து முறை கடல் கடந்து விசாரித்துவிட்டு வருகிறது. இந்த முரணை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது ஆண்டுகளில் நம் கைக்கு வந்த வசதி, வேலையைப் புரிந்துகொள்ளும் பொறுப்பை நம் கையிலிருந்து வாங்கிக்கொண்டுவிட்டதோ என்ற கவலை எனக்கு உண்மையாகவே உண்டு.

ஏன் இப்படி நடக்கிறது? ஓ.ஆர்.எம். என்று நாங்கள் சொல்லும் இடையடுக்கு, தரவுத்தளத்தின் வரிசைகளை நிரலுக்குள் பொருள்களாக்கித் தருகிறது. 2001-இல் வந்த ஹைபர்நேட், 2005-இல் வெளியான ஜாங்கோ எல்லாம் இந்த வகை. அட்டவணைக்குள் ஒரு விற்பனையாளர் வெறும் எண். நிரலுக்குள்ளோ அவர் முழுப் பொருள். 'எடை' என்ற பொருளை உருவாக்கும்போது 'விற்பனையாளர்' என்ற இடத்தில் ஒரு பொருளை வை என்று அது கேட்கிறது. நிரலர் என்ன செய்வார்? எண்ணைக் கொடுத்து ஆளைத் தேடி எடுக்கிறார், எடுத்த ஆளைக் கொண்டுபோய் எடையில் வைக்கிறார். கடைசியில் தரவுத்தளத்தில் போய் விழுவது மறுபடியும் அந்த எண் மட்டுமே. கையில் இருந்த எண்ணை எழுதுவதற்காக, அதே எண்ணைத் தெரிந்துகொள்ள ஒரு பயணம்.

வழி எப்போதும் இருந்தது. ஜாவா உலகில் 2006 முதலே கெட்ரெஃபரன்ஸ் என்ற செயல் உண்டு. அது தரவுத்தளத்தைத் தொடாமல், உள்ளே எண்ணை மட்டும் வைத்த ஒரு பதிலிப் பொருளைத் தரும். எடையில் அதை வைத்துச் சேமித்தால் ஒரே இன்சர்ட். ஸ்பிரிங் டேட்டாவில் கெட்ரெஃபரன்ஸ்பைஐடி என்று இருப்பதும் இதுவே. ஜாங்கோவில் இன்னும் எளிது: வெட்டுத் தொழிலாளியைக் குறிக்கும் டேப்பர் என்ற புலத்துக்குப் பொருளைத் தராமல் டேப்பர்_ஐடி என்ற பெயரில் 47 என்று நேராகக் கொடுத்துவிடலாம்.

பதிலிப் பொருளிடம் எண்ணைத் தவிர வேறு எதையாவது கேட்டால் அந்தக் கணமே அது தரவுத்தளத்துக்கு ஓடும். ஹைபர்நேட்டில் இயங்கும் எங்கள் நிரலில் கெட்ரெஃபரன்ஸுக்கு மாற்றிய பிறகும் ஒரு செலெக்ட், அதாவது படிக்கும் கட்டளை, பிடிவாதமாக வந்துகொண்டிருந்தது. தேடிப்போனால், "இன்னாருடைய எடை சேமிக்கப்பட்டது" என்று பதிவுக் கோப்பில் எழுதும் ஒரு வரி. இன்னார் என்ற பெயருக்காக ஆள் முழுவதும் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கிக்கொண்டிருந்தார். அந்த வரியில் பெயருக்குப் பதில் எண்ணைப் போட்டோம்.

அதைவிடப் பெரிய சுமை வேறிடத்தில் இருந்தது. விற்பனையாளர் என்ற பொருளுக்குள் 'இவருடைய எடைகள்' என்று ஒரு தொகுப்பு வைத்திருந்தார்கள், செட் வகைத் தொகுப்பு. புதிய எடையைச் சேமிக்கும்போது, ஒழுங்குக்காக அந்தத் தொகுப்பிலும் அதைச் சேர்க்கும் வரி இருந்தது. செட்டுக்குள் ஒரே உருப்படி இரண்டு முறை இருக்கக் கூடாது. இப்போது சேர்ப்பது முன்பே இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் உள்ளே இருப்பவை தெரிய வேண்டும். ஆகவே ஹைபர்நேட் அவருடைய பழைய எடைகள் அத்தனையையும் ஏற்றிப் பார்த்தது. மாதம் இருபது எடை என்று வைத்தால் ஐந்து ஆண்டுகளுக்கு 1,200 வரிசைகள். இன்றைய ஒரு வரியை எழுத, ஐந்து ஆண்டுக் கதையைப் படித்தாக வேண்டும் என்பது இதன் பொருள். பழைய, அதிகம் கொண்டுவந்த, நம்பகமான விற்பனையாளருக்குத்தான் நிரல் அதிகம் திணறியது. லிஸ்ட் வகையாக இருந்து, இன்னொரு அட்டவணையின் வரிசையைச் சுட்டும் ஃபாரின் கீ-யை எடையின் பக்கம் கவனித்துக்கொண்டால், ஏற்றாமலே சேர்த்துவிடும். நாங்கள் அந்தத் தொகுப்பையே நீக்கிவிட்டோம். ஒருவருடைய எடைகள் வேண்டும்போது, வேண்டிய மாதத்துக்கு மட்டும் தனியாகக் கேட்டால் போதும்.

நான்காவது கேள்வியைப் பற்றி அலுவலகத்தில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. "அக்கா, ரசீது இரட்டிப்பா விழக் கூடாதுல்ல? கேக்காம எப்படி?" என்றார் எங்கள் குழுவின் இளைய தம்பி. அவர் அக்கறை நியாயமானது. ஆனால் கேட்பதால் அந்த அக்கறை நிறைவேறாது. ஒரே ரசீதை, இணையம் விட்டு விட்டு வருவதால், டேப்லெட் இரண்டு முறை அனுப்புகிறது என்று வையுங்கள். இரண்டு கோரிக்கைகளும் ஒரே கணத்தில் "இருக்கிறதா?" என்று கேட்கும். இரண்டுக்கும் "இல்லை" என்றே பதில் வரும். இரண்டும் எழுதிவிடும். கேட்டதற்கும் எழுதியதற்கும் நடுவே இருக்கும் இடைவெளியை எத்தனை முறை கேட்டாலும் மூட முடியாது. ரசீது எண் மேல், ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் யூனிக் என்ற கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்திலேயே வைத்தால்தான் மூடும். அது இருக்கும்போது நேராக எழுதிப் பார்க்கலாம், இரண்டாவதைத் தரவுத்தளமே மறுத்துவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில், 2016 சனவரியில் வந்த 9.5 பதிப்பு முதல், மோதினால் விட்டுவிடு என்று இன்சர்ட்டோடு சேர்த்தே சொல்லவும் வசதி இருக்கிறது. தம்பிக்கு நான் செக்ரோலை வரைந்து காட்டினேன். அவர் தோட்டத்தைப் பார்த்ததில்லை, ஈப்போவின் புந்தோங்கில் பிறந்து வளர்ந்தவர். ஆனால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கட்டம் என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

ஃபாரின் கீ விஷயமும் இதுதான். இல்லாத அட்டை எண்ணோடு எடை வந்தால் தரவுத்தளம் எழுத மறுக்கும். அந்த மறுப்பைப் பிடித்து, இந்த எண் பதிவில் இல்லை என்று நிலையத்தில் இருப்பவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டியது நம் வேலை. சோதனை ஒன்றும் மறைந்துவிடவில்லை. தரவுத்தளம் உள்ளுக்குள் அந்த எண்ணைத் தேடத்தான் செய்கிறது. ஆனால் அந்தத் தேடல் தரவு இருக்கும் இடத்திலேயே, எழுதும் அதே பயணத்தில் முடிகிறது. ரெயில்ஸ் என்ற நிரல் சட்டகத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு சொல்: 2016-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் இயல்புநிலைப்படி, பிலாங்ஸ்டூ உறவு இருந்தால் தாய்ப் பதிவு இருக்கிறதா என்று இன்சர்ட்டுக்கு முன் அது தானே போய்ப் பார்க்கும். கட்டுப்பாடு தரவுத்தளத்தில் உறுதியாக இருக்கும் அட்டவணைகளுக்கு அந்தப் பார்வையை நிறுத்திவிடலாம்.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு செலெக்ட் மிச்சம் இருந்தது, ஐந்தில் சேராத வேறொன்று. எடைகளுக்கு டேப்லெட்டே யூயூஐடி என்ற தனித்துவ எண் கொடுத்து அனுப்புகிறது, இணையம் இல்லாத இடத்தில் வேறு வழியில்லை. ஆனால் ஸ்பிரிங் டேட்டாவின் சேவ், எண்ணோடு வரும் பொருளைப் பழையது என்று எடுத்துக்கொண்டு, முதலில் போய்த் தேடிப் பார்க்கிறது. பெர்சிஸ்டபிள் என்ற இடைமுகத்தின் வழியாக 'இது புதியது' என்று பொருளே சொல்லும்படி செய்தோம், தேடல் நின்றது. ஜாங்கோவில் முதன்மைச் சாவிக்கு இயல்பு மதிப்பு தரப்பட்டிருக்கும் புதிய பொருள்களுக்கு 3.0 பதிப்பிலிருந்து நேராக ஒரே இன்சர்ட்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மாலையில் 400 எடைகள், ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் ஒரு போய்வரவுக்குப் பத்து மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கேள்வியும் ஓர் இன்சர்ட்டும் என்றால் 2,400 பயணம், 24 நொடி. கேள்விகளை நீக்கினால் 4 நொடி. இன்சர்ட்டுகளை ஐம்பது ஐம்பதாகக் கட்டி அனுப்பினால் எட்டே பயணம், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. இந்தக் கட்டி அனுப்பும் வேலைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. முதன்மைச் சாவியை ஐடென்டிட்டி முறையில் தரவுத்தளமே கொடுக்கும்படி விட்டால், ஒவ்வொரு வரியையும் எழுதினால்தான் அதன் எண் தெரியும் என்பதால் ஹைபர்நேட் கட்டி அனுப்பாது. சீக்வென்ஸ் முறையில் ஐம்பது எண்களை ஒரே தடவையில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு எண் டேப்லெட்டிலிருந்தே வருவதால் அந்தச் சிக்கலும் இல்லை.

24 நொடி ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் உண்டு. கம்பத்து இணையத்தில் இருபத்துநான்கு நொடியில் தொடர்பு அறுந்துபோகும், அறுந்தால் டேப்லெட் முதலிலிருந்து அனுப்பும், அனுப்பினால் அந்த ரசீதுக் குழப்பம் தலைதூக்கும். விற்றவருக்கு அன்று மாலை பணம் போக வேண்டும்.

எனக்கு வேகத்தைவிடப் பெரிதாகப் படுகிற காரணம் வேறு. அந்தக் கொட்டகையில் என் அம்மாவை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அது அவருக்கு வருத்தம் தந்தது, இன்றும் சொல்வார். மனிதரை எண்ணாக மட்டும் பார்த்த காலம் அது, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் இன்று நிலைமை வேறு விதமாகத் தலைகீழாகியிருக்கிறது. நேருக்கு நேர் நின்று யாரும் யாருடைய பெயரையும் கேட்காத இடத்தில், ஓர் எடையை எழுதுவதற்காக நிரல் ஒருவருடைய பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் வங்கிக் கணக்கையும் ஒவ்வொரு மாலையும் நூற்றுக்கணக்கான முறை நினைவகத்துக்கு இழுக்கிறது, பதிவுக் கோப்புகளில் சிந்துகிறது. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. சொன்ன நோக்கத்துக்கு வேண்டியதற்கு மேல் ஒருவருடைய விவரங்களைக் கையாளக் கூடாது என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. கட்டிப்பாலை நிறுப்பதற்கு வங்கிக் கணக்கு எண் எதற்கு? பணம் போடும்போது கேட்டுக்கொள்ளலாம். மரியாதையாகப் பெயர் சொல்லி வரவேற்க வேண்டியவர் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர். நிரலுக்கு எண் போதும்.

எல்லாக் கேள்விகளையும் நாங்கள் தூக்கவில்லை. விலையைக் காலையில் ஒரு தடவை படித்து அன்று முழுவதும் வைத்துக்கொள்கிறோம், நிலையத்தின் எண் டேப்லெட்டின் அமைப்பிலேயே இருக்கிறது, நிலத்தின் எண் அட்டையோடு சேர்ந்தே பதிவாகிறது. ஆனால் ஒருவருடைய அனுமதி அட்டை காலாவதியாகிவிட்டதா என்பதை ஃபாரின் கீ சொல்லாது. எண் பதிவில் இருக்கும், அனுமதி மட்டும் முடிந்திருக்கும். அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். மாலைப் பதிவேற்றம் வந்ததும், அன்றைக்கு வந்த அட்டை எண்கள் எல்லாவற்றையும் சேர்த்து, இவற்றில் காலாவதியானவை எவை என்று ஒரே கேள்வியாகக் கேட்கிறோம். பதிலில் எண்கள் மட்டும் வருகின்றன. காலாவதியான அட்டைக்குரிய எடைகளைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவற்றை ஒன்றாக எழுதுகிறோம். ஒதுக்கியவற்றை மறுநாள் காலையில் நிலையத்தில் இருப்பவர் பார்த்து, அட்டையைப் புதுப்பிக்கச் சொல்லி விற்பனையாளருக்குத் தொலைபேசி போடுகிறார். அந்த இடத்தில் பெயரும் எண்ணும் திரையில் வருகின்றன, ஏனென்றால் அங்கே ஒருவரை ஒருவர் அழைத்துப் பேச வேண்டியிருக்கிறது.